ஏமாற்றமும் ஏமாற்றுதலும்

1

சென்ற ஆண்டு இறுதியில் எங்கள் வங்கிக் கிளையிலிருந்து ஒருவர் ஓய்வு பெற்றார். எனக்குக் கவுண்டர் வேலை கற்றுக்கொடுத்தவர். சால்வை, கைக்கடிகாரம், மிக்ஸர், காபி என்று விடைகொடுப்பு முடிந்தபின் இருவரும் செஞ்சி காந்தி பஜாரில் ஒரு டீக்கடை பெஞ்சில் போய் உட்கார்ந்தோம். பேச்சு எப்படியோ கிரிக்கெட்டுக்கு வந்தது. அவர் பிறந்தது 1965 டிசம்பரில். “சிவராமகிருஷ்ணனும் அந்த மாசந்தான் தம்பி” என்றார். பிறகு டம்ளரைக் கீழே வைத்துவிட்டு, “ஏமாத்திட்டான். நம்ம எல்லாரையும் ஏமாத்திட்டான்” என்றார்.

சாதுவான மனிதர். கவுண்டரில் ஒரு கிழவியிடம்கூடக் குரலை உயர்த்தி நான் கேட்டதில்லை. நாற்பது வருஷத்துக்கு முன் பந்து வீசிய ஒரு பையன்மேல் அவருக்கு இன்னும் ஆறாத கோபம் இருந்தது. நான் பிறக்குமுன்பே லக்ஷ்மண் சிவராமகிருஷ்ணன் தம் கடைசி டெஸ்டை ஆடிவிட்டார். ஆகவே அந்தக் கோபத்தில் எனக்குப் பங்கில்லை என்றும், தள்ளி நின்று அதை ஆராயும் சௌகர்யம் எனக்கு இருக்கிறது என்றும் நினைத்துக்கொண்டேன். அது அவ்வளவு சரியில்லை என்பது பிறகு தெரிந்தது. அதைக் கடைசியில் சொல்கிறேன்.

முதலில் என்னை உறுத்தியது அந்தச் சொல். எதிர்பார்த்தது நடக்காதபோது நாம் அடைவது ஏமாற்றம். ஒருவன் பொய் சொல்லி நம் பொருளைக் கொண்டுபோனால் அவன் நம்மை ஏமாற்றுகிறான். ஆங்கிலத்தில் இரண்டு அனுபவங்களுக்கும் வேர் வேறான இரண்டு சொற்கள். நமக்கு ஒரே வேர். இதனால் தமிழ் மனசு ஒரு தாவலை வெகு சுலபமாகச் செய்துவிடுகிறது: நான் ஏமாந்தேன், ஆகவே யாரோ என்னை ஏமாற்றியிருக்க வேண்டும். மழை பொய்த்தது என்றும் சொல்கிறோம். வானத்தையே பொய்யனாக்கியவர்கள் நாம். மொழி மட்டும் இதைச் செய்கிறது என்று சொல்லமாட்டேன். தமிழ் தெரியாத ரசிகர்களும் இப்படித்தான் கோபப்படுகிறார்கள். ஆனால் நம் மொழியில் அந்தத் தாவல் வெளிப்படையாகக் கிடக்கிறது. கேள்வி இதுதான்: ஏமாறுவதற்கு ஏமாற்றுபவன் ஒருவன் வேண்டுமா?

2

விவரங்களைச் சொல்லிவிடுகிறேன். 1981-82 ரஞ்சிப் போட்டியில் பதினாறு வயதுப் பையன் ஒருவன் டெல்லிக்கு எதிராக 28 ரன்களுக்கு 7 விக்கெட் எடுத்தான். 1983 ஏப்ரலில் ஆன்டிகுவாவில் மேற்கிந்தியத் தீவுகளுக்கு எதிராக டெஸ்ட் ஆட இறங்கியபோது வயது பதினேழு. அதுவரை இந்தியாவுக்கு டெஸ்ட் ஆடியவர்களில் ஆக இளையவன். அந்த ஆட்டத்தில் விக்கெட் இல்லை. 1984 நவம்பர் இறுதியில் பம்பாயில் இங்கிலாந்துக்கு எதிராக 64 ரன்களுக்கு 6, 117 ரன்களுக்கு 6. இந்தியா வென்றது. அடுத்து டெல்லியில் முதல் இன்னிங்ஸில் 99 ரன்களுக்கு 6. மூன்று இன்னிங்ஸில் பதினெட்டு.

அந்த வெற்றி என்னவாக இருந்தது என்பதை அந்தக் காலத்தோடு சேர்த்துப் பார்க்கவேண்டும். 1981-ல் இதே பம்பாயில் இங்கிலாந்தைத் தோற்கடித்தபின் மூன்று ஆண்டுகளாக இந்தியா ஒரு டெஸ்டையும் வென்றிருக்கவில்லை. இந்திரா காந்தி கொல்லப்பட்டு ஒரு மாதம்தான் ஆகியிருந்தது. எம்.ஜி.ஆர். நியூயார்க்கில் ஆஸ்பத்திரியில் கிடந்தார். இங்கே கோயில் கோயிலாகப் பிரார்த்தனை. டெஸ்ட் முடிந்த டிசம்பர் 3 விடியுமுன் போபாலில் விஷவாயு கசிந்து ஆயிரக்கணக்கான உயிர்கள் போக ஆரம்பித்திருந்தன. இப்படிப்பட்ட ஒரு குளிர்காலத்தில், கருத்து மெலிந்த தமிழ்ப் பையன் ஒருவன் பந்தைத் தூக்கிப் போட, வெள்ளைக்கார மட்டையாளர்கள் அது எந்தப் பக்கம் திரும்பும் என்று தெரியாமல் நின்றார்கள். என் நண்பர் அப்போது கல்லூரி மாணவர். அந்த இருளில் அவருக்குக் கிடைத்த ஒரே வெளிச்சம் ட்ரான்ஸிஸ்டர் வழியே வந்தது. அன்று அவர் அந்தப் பையனிடம் எதை ஒப்படைத்தார் என்பதை அவரே முழுக்க அறிந்திருக்கமாட்டார்.

பிறகு இங்கிலாந்து ஆட்டக்காரர்கள் அவரைப் படித்துக்கொண்டார்கள். தொடர் முழுவதும் அவர் எடுத்தது 23. அதாவது அந்தப் பதினெட்டுக்கு மேல் ஐந்துதான். 1985 ஜனவரியில் சொந்த ஊரான சென்னையில், சேப்பாக்கத்தில், ஃபௌலர் 201, கேட்டிங் 207. இங்கிலாந்து ஒன்பது விக்கெட்டில் வென்றது. மார்ச்சில் மெல்போர்னில் உலக சாம்பியன்ஷிப் இறுதி ஆட்டத்தில் பாகிஸ்தானின் ஜாவேத் மியான்டாட் இறங்கி வந்து ஏமாந்தார். பந்து விலகித் திரும்பியது. ஸதானந்த் விஸ்வநாத் ஸ்டம்புகளைத் தட்டினார். (விஸ்வநாத்தும் மூன்று டெஸ்டுகளோடு நின்றுபோனவர்.) அதற்குப் பத்து மாதம் கழித்து, 1986 ஜனவரி 2-ல் தொடங்கிய ஸிட்னி டெஸ்டே சிவராமகிருஷ்ணனின் கடைசி டெஸ்ட். அன்று அவருக்கு இருபது வயது நிறைந்து இரண்டு நாள். மொத்தம் 9 டெஸ்ட், 26 விக்கெட். 1987 உலகக் கோப்பைக்குத் திரும்ப அழைத்தார்கள், அத்தோடு சரி.

3

நான் கடன் கொடுக்கும் இடத்தில் வேலை பார்ப்பவன். கமிட்டிக்கு நெல் மூட்டைகள் வந்து குவியும் மாதங்களில் கடனை அடைக்க வருபவர்களையும், வராதவர்களையும் அறிவேன். கடன் என்று ஒன்று இருந்தால் கொடுத்தவன், வாங்கியவன், தொகை, தவணை, கையெழுத்து என்று இவ்வளவும் இருக்கவேண்டும். ஒன்று குறைந்தாலும் கோர்ட்டில் நிற்காது. ரசிகனின் கோபம் கடன் கொடுத்தவனின் கோபத்தைப் போலவே ஒலிக்கிறது. ஆனால் அவன் கையில் இருக்கும் புரோநோட்டில் எதிர்த்தரப்புக் கையெழுத்து இல்லை. பம்பாயில் பன்னிரண்டு விக்கெட் எடுத்தபோது அந்தப் பையன் பன்னிரண்டு விக்கெட் எடுத்தான், அவ்வளவே. இன்னும் முந்நூறு எடுப்பேன் என்று யாருக்கும் எழுதித் தரவில்லை. எழுதியவர்கள் நாம். ‘நம்பிக்கை நட்சத்திரம்’ என்று பத்திரிகைகள் எழுதும்போது அந்த நம்பிக்கை யாருடையது என்று யாரும் கேட்பதில்லை.

இன்னொன்று. பயிர்க் கடனில் குறுகிய காலப் பயிருக்கு இரண்டு பருவம் தவணை தவறிய பிறகே அதை வராக்கடன் என்று ஒதுக்குவது வழக்கம். ஒரு பருவம் பொய்க்கலாம் என்பது வங்கிக்கே தெரியும். மணிலா போட்ட குடியானவனுக்குத் தரும் அந்த இரண்டாம் பருவத்தை இருபது வயதுப் பந்துவீச்சாளனுக்கு நாம் தரவில்லை.

லெக் ஸ்பின் தாமதமாக விளையும் பயிர். மணிக்கட்டைச் சுழற்றி, விரல்களின் மேலாகப் பந்தை விடுகிற இந்தக் கலையில் பந்து விடுபடும் கணம் இம்மி தவறினாலும் அது முழு டாஸாகவோ பாதிப் பிட்ச்சாகவோ போய்விடும். சிவராமகிருஷ்ணன் இருபது வயதில் முடித்த அதே ஸிட்னி மைதானத்தில், ஆறு ஆண்டு கழித்து, 1992 ஜனவரியில், இருபத்திரண்டு வயதில் ஷேன் வார்ன் தொடங்கினார். இந்தியாவுக்கு எதிரான அந்த முதல் டெஸ்டில் அவர் கணக்கு 150 ரன்களுக்கு 1. அதற்கு முன் மெல்போர்னில் ஸெயின்ட் கில்டா சங்கத்தின் இளைஞர் அணியில் ஆஸ்திரேலியக் கால்பந்து ஆடிப் பார்த்து, அங்கே வேண்டாம் என்று விடப்பட்டவர். அவர் 708 விக்கெட்டுகளோடு முடித்தார். வார்ன் கடனை அடைத்துவிட்டார், இவர் அடைக்கவில்லை என்று இதைப் படிக்கக்கூடாது. 150-க்கு 1 என்ற அன்று மாலை, வார்ன் உள்பட, யாருக்கும் எதுவும் தெரியாது. தெரியாமையில் ஒருவருக்குப் பருவம் கிடைத்தது, ஒருவருக்குக் கிடைக்கவில்லை.

அந்த ஆஸ்திரேலியக் கால்பந்தையே எடுத்துக்கொள்ளுங்கள். நீள்வட்டப் பந்து, பதினெட்டுப் பேர் அணி; குளிர்காலத்தில் மியான்டாட் ஏமாந்த அதே மெல்போர்ன் மைதானத்தில் ஆடுகிறார்கள். அங்கே ஒவ்வோர் ஆண்டும் புதுப் பையன்களைத் தேர்ந்தெடுக்கும் முறையில், கடைசி இடத்தில் வந்த சங்கத்துக்கே வழக்கமாக முதல் தேர்வு. 2008-ல் கடைசியாக வந்த மெல்போர்ன் சங்கம் ஜாக் வாட்ஸ் என்ற பள்ளி மாணவனை முதல் ஆளாக எடுத்தது. 2009 ஜூனில், பள்ளிப் படிப்பு முடியுமுன்பே, பெரும் கூட்டத்தின் முன் இறக்கிவிட்டார்கள். எதிரணியினர் அவனைச் சூழ்ந்து நெருக்கினார்கள். அதன்பின் பல ஆண்டுகள், இரண்டாவதாக எடுக்கப்பட்ட நிக் நைட்டனூயியோடு ஒப்பிட்டே சொந்த ரசிகர்கள் அவனை நொந்துகொண்டார்கள். 2017 முடிவில் வேறு சங்கத்துக்குப் போய், 2020-ல் ஆட்டத்தையே விட்டான். இதில் எனக்கு முக்கியமாகப் படுவது அந்தத் தேர்வு முறை. ஆகத் தோற்றவர்கள் கையில்தான் ஆகத் திறமையான பையன் கொடுக்கப்படுகிறான். அவன் தன் ஆட்டத்தை மட்டும் ஆடினால் போதாது; அவன் வருமுன் நடந்த தோல்விகளையும் சுமக்கவேண்டும். 1984-ல் நம் பையனுக்கு நேர்ந்ததும் இதுதான்.

4

அப்படியானால் கோபமே கூடாதா? “பாவம், சின்னப் பையன், விட்டுவிடு” என்று சொல்லும் நல்லவர்கள் உண்டு. எனக்கு அவர்களோடும் உடன்பாடில்லை. பி.எஃப். ஸ்ட்ராஸன் 1962-ல் மனத்தாங்கலைப் பற்றி எழுதிய கட்டுரை ஒன்றில் ஒரு வேறுபாட்டைக் காட்டுகிறார். இன்னொருவனோடு உறவில் இருக்கும்போது நமக்கு அவன்மேல் நன்றி வரும், கோபம் வரும், மன்னிக்கவும் தோன்றும். இவை எதுவும் இல்லாமல், கையாளவேண்டிய, சிகிச்சை தரவேண்டிய ஒரு வஸ்துவாக அவனைப் பார்ப்பது வேறொரு மனோபாவம். “பாவம்” என்பவர் இந்த இரண்டாவது தளத்துக்குப் போய்விடுகிறார். அவர் பையனை மன்னிக்கவில்லை. ஆள் கணக்கிலிருந்தே நீக்கிவிடுகிறார். கோபப்படும் ரசிகனாவது அவனை ஒரு மனிதனாக, முடிந்திருக்கக் கூடியவனாக மதிக்கிறான். என் நண்பரின் நாற்பதாண்டுக் கோபத்தில் அந்த மரியாதை இருக்கிறது. அதை நான் சிரித்துத் தள்ளத் தயாரில்லை.

தவறு எங்கே நுழைகிறது என்றால், “இன்று நீ சரியாக வீசவில்லை” என்பது “நீ என்னை ஏமாற்றினாய்” என்று மாறும் இடத்தில். முன்னது ஒரு செயலைப் பற்றியது; அந்தச் செயலோடு அது முடியும்; மறுநாள் நன்றாக வீசினால் தீரும். பயிற்சிக்கு வராதவனை, மைதானத்தில் ஓடாதவனைக் கேட்கும் உரிமை டிக்கெட் வாங்கியவனுக்கு உண்டு என்றே நினைக்கிறேன். பின்னது, கொடுக்கப்படாத ஒரு வாக்கைப் பற்றியது. கொடுக்கப்படாத வாக்கை எப்படி நிறைவேற்ற முடியும்? அதனால்தான் அந்தக் கோபத்துக்கு முடிவே இல்லை.

அதோடு, ஏமாற்றியவன் என்று ஒருவனைச் சொன்னால் அவனுக்கு ஒரு நோக்கமும் வேண்டியிருக்கிறது. ஆகவே கதைகள் பிறக்கின்றன. திமிர் என்பார்கள், சோம்பல் என்பார்கள், இன்னும் சொல்வார்கள். அன்று டீக்கடையில் கேட்ட கதைகளை இங்கே எழுதமாட்டேன். சொன்னவர்கள் யாரும் அவற்றுக்கு ஆதாரம் தேடியதில்லை. அவர்களுக்கு வேண்டியிருந்தது ஆதாரமல்ல, காரணம். தம் நிறத்தை வைத்து வாழ்நாள் முழுதும் பாகுபாட்டுக்கு ஆளானதாக 2021-ல் சிவராமகிருஷ்ணன் பகிரங்கமாகச் சொன்னார். இதே நாட்டுக்குள்ளும் என்றார். நாம் அவரைப் பற்றி நாற்பது வருஷமாகச் சொல்லிவந்த காரணங்களில் இது இருந்ததேயில்லை. கணக்குக் கேட்டவர்கள் தங்கள் பக்கத்துப் பற்றை எழுதிப் பார்க்கவில்லை.

5

செஞ்சிக்காரனுக்கு இந்த விஷயத்தில் இன்னொரு சாட்சியும் உண்டு. தேசிங்கு ராஜன். தேஜ்சிங் என்ற பெயருள்ள அந்தப் புந்தேலா இளைஞன், தகப்பன் சொரூப்சிங் இறந்தபின் 1714-ல் செஞ்சிக்கு வந்தான். ஆர்க்காட்டு நவாப் சாதத்துல்லாகான் கேட்டது பேஷ்கஷ் பாக்கி. அதாவது கடன் பாக்கி. தேசிங்கு கொடுக்க மறுத்தான். 1714 அக்டோபரில் ஒரு சிறு படையோடு நவாபின் சேனைமேல் பாய்ந்து செத்தான். வயது இருபத்திரண்டு என்கிறார்கள். ஆட்சி ஒரு வருஷம்கூட இல்லை. ஸி.எஸ். சீனிவாசாச்சாரி 1943-ல் எழுதிய செஞ்சி வரலாற்றில் பார்த்தால், சாம்ராஜ்யங்களும் முற்றுகைகளும் நிறைந்த அந்தக் கோட்டையின் கதையில் இவன் ஒரு சின்ன அத்தியாயம். காரியத்தில் அவன் சாதித்தது எதுவுமில்லை. கோட்டையை இழந்தான், படையை இழந்தான், உயிர்த்தோழனை இழந்தான். ஆனால் நாயக்கர்களை மறந்த எங்கள் ஊர் அவனை மறக்கவில்லை. கதைப்பாட்டு அவனுக்குத்தான். தகனம் நடந்த இடம் என்று செட்டிகுளக் கரையைக் காட்டுவார்கள்.

பாக்கிக்காரனாகவே இறந்த இருபத்திரண்டு வயதுக்காரனிடம் ஊர் ஏன் கணக்குக் கேட்கவில்லை? அவன் இறந்துவிட்டான் என்பதுதான் பதில் என்று அஞ்சுகிறேன். சாவு கணக்கை முடித்துவிடுகிறது. நடக்காமல் போனவையெல்லாம் நடந்திருக்கக் கூடியவையாகவே நின்றுவிடுகின்றன. நம் நம்பிக்கைக்குச் சேதமில்லை. சிவராமகிருஷ்ணன் செய்த குற்றம் இருபது வயதுக்குப் பிறகும் உயிரோடு இருந்தது. தமிழ்நாட்டுக்கு ரஞ்சி ஆடினார், மட்டை பிடித்தார், பிறகு வர்ணனை செய்தார். ஒரு சாதாரண வாழ்க்கையை நம் கண்முன்னே வாழ்ந்தார். அதைத்தான் நம்மால் பொறுக்க முடியவில்லை. இளைஞனிடம் நாம் கேட்பது வெற்றி என்று தோன்றுகிறது. உண்மையில் கேட்பது நம் கனவைக் கெடுக்காதிருக்கும்படி. அதற்கு வென்றுகொண்டேயிருக்கவேண்டும், இல்லாவிட்டால் குதிரையோடு விழுந்துவிட வேண்டும். இந்த இரண்டுக்கும் நடுவே ஒரு மனிதன் வாழ இடம் உண்டு என்பதை ஒப்புக்கொள்வதே இங்கே தர்மம் என்று நினைக்கிறேன். அது பெரிய தர்மமாகத் தெரியவில்லை. ஆனால் கடைப்பிடிப்பவர்களை அதிகம் பார்க்கமுடியவில்லை.

6

முதலில் சொன்ன விஷயத்துக்கு வருகிறேன். சில ஆண்டுகளுக்கு முன் இளைஞர் ஒருவரின் முதல் கவிதைத் தொகுதி வந்தது. இந்தப் பத்திரிகையைப் படிக்கும் இருநூறு பேருக்கு அவரை நினைவிருக்கும்; பெயர் வேண்டாம். அந்தத் தொகுதியைக் கொண்டாடி எழுதியவர்களில் நானும் ஒருவன். நமக்கும் அது ஒரு குளிர்காலம்தான். வெகுநாளாக எதுவும் நடக்காத ஒரு மைதானத்தில் உட்கார்ந்திருந்தோம். இரண்டாவது தொகுதி வந்தது. பலவீனமான தொகுதி. அதை இன்றும் மாற்றிச் சொல்லமாட்டேன். ஆனால் நான் எழுதிய மதிப்புரையை இந்த மாதம் எடுத்துப் படித்தேன். கவிதைகளைப் பற்றி அதில் இரண்டு பத்திதான். மீதி முழுவதும் கவிஞரைப் பற்றி: எழுத்தில் அக்கறை குறைந்துவிட்டது, பாராட்டு தலைக்கேறிவிட்டது, நம் நம்பிக்கைக்குத் துரோகம் செய்துவிட்டார். அக்கறை குறைந்தது எனக்கு எப்படித் தெரியும்? அவரை நான் ஒருமுறைகூடப் பார்த்ததில்லை. ‘துரோகம்’ என்ற சொல்லை எழுதிய கை என்னுடையது. டீக்கடைப் பெஞ்சில் நான் கேட்டது என் குரல்தான்.

அதன்பின் அவர் எழுதவில்லை. என் மதிப்புரையால் நிறுத்தினார் என்று சொல்வது எனக்கு நானே முக்கியத்துவம் கொடுத்துக்கொள்வது. அவருக்கு வேறு வேலைகள் இருந்திருக்கலாம். எழுதாமலிருக்க ஒருவருக்கு உரிமை உண்டு, ஆடாமலிருக்க உரிமை உள்ளதைப் போல. விமர்சகன் கவிதையின்மேல் எவ்வளவு கடுமையாகவும் இருக்கலாம், இருக்கவும் வேண்டும். எழுதாத கவிதைகளுக்காகக் கவிஞனிடம் வசூலுக்குப் போக அவனுக்கு எந்தப் பாத்தியதையும் இல்லை.

அன்று கிளம்புமுன் என் நண்பரிடம் ஒன்று கேட்டேன்: “மியான்டாட்டை எப்படி சார் எடுத்தான்?” அவர் எழுந்து நின்றார். சால்வையைப் பெஞ்சில் வைத்தார். வலது மணிக்கட்டை மடக்கி, இல்லாத பந்தை விரல்களுக்குள் வைத்து, மெல்ல உயரத் தூக்கிப் போட்டார். “இறங்கி வந்தான் பாரு. வந்தான், வந்தான், பந்தைக் காணோம்.” அவர் முகத்தில் அப்போது கோபமில்லை. நாற்பது வருஷமாக அவரிடம் இருந்துவரும் சொத்து அது. அதை அவருக்குக் கொடுத்தவரைத்தான் ஐந்து நிமிஷத்துக்கு முன் ஏமாற்றுக்காரன் என்றார்.

மறுவாரம் கவிஞருக்கு ஒரு கடிதம் எழுதினேன். முதல் தொகுதியிலிருந்த ஒரு கவிதை இன்னும் எனக்குள் இருக்கிறது என்றும், அந்த மதிப்புரையில் அவரைப் பற்றி நான் எழுதியது அனைத்தும் எனக்குத் தெரியாத விஷயங்கள் என்றும் எழுதினேன். மீண்டும் எழுதுங்கள் என்று எழுதவில்லை. பதில் வரவில்லை. வரவேண்டிய பாக்கி அல்ல அது.